பழைய ஆட்டோ வாங்கப் போறீங்களா? முதலில் ஏத்தத்தில் ஓட்டிப் பாருங்கள்



"காசு கையில இருக்கு. மகன் ஒரு ஆட்டோ பார்த்து வச்சிருக்கான். வாங்கலாமா?" இந்தக் கேள்வியோடு எமது அலுவலகப் படியேறி வரும் தாய்மாரும் தகப்பன்மாரும் இப்போது அதிகம். வாங்கு, வாங்காதே என்று சொல்ல நாம் யார்? ஆனால் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை ஒரு பாடமாகச் சொல்லலாம். அதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

இன்று எந்தத் தோட்டத்துச் சந்தியில் பார்த்தாலும் நாலைந்து ஆட்டோ நிற்கிறது. ஓட்டுகிறவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவர்கள்தான், தீபாவளிக்கு டவுனிலிருந்து மூட்டைமுடிச்சுகளை ஏற்றி வருவதும் அவர்கள்தான். இந்த வண்டிகளில் பல புதிதாக வாங்கியவை அல்ல. ரெண்டு கை, மூணு கை மாறி வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை கிடுகிடுவென்று ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டார்கள். என்றாலும், வரியெல்லாம் சேர்த்துப் புது வண்டி வாங்குவது நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? ஆகவே பழைய வண்டிதான் கதி.

அந்தப் பழைய வண்டிக்குக் கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசிப்போம். பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் கூடை சுமந்த ஒரு தாய்க்கு அது 420 நாள் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சேர்த்த அந்த 420 நாளை, ஒரு பின்னேரத்தில், 200 யார் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்து விடுகிறோம்.

நடந்த கதை ஒன்று

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. பேர் வேண்டாம். தாய் வேலையிலிருந்து நின்று காசு கைக்கு வந்தது. மகனுக்கு லைசன் இருந்தது. இன்னொருவர் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்தான். தரகர் ஒருவர், "கீழ்நாட்டுப் பக்கம் ஒரு வண்டி இருக்கு தம்பி. ஒரே ஆள் ஓட்டின வண்டி. இன்னைக்கு விட்டா நாளைக்கு இருக்காது" என்றார். தாயும் மகனும் மாமனுமாகக் காலை பஸ் ஏறிப் போனார்கள். போய்ச் சேர மத்தியானம். வண்டி பளபளவென்று கழுவி நின்றது. புது சீட் கவர், புது ஸ்டிக்கர், பின்னால் பெரிய செட்டு. விற்கிறவர் ஸ்டார்ட் பண்ணினார், உடனே பிடித்தது. மகன் வீட்டு வாசலிலிருந்து சந்தி மட்டும் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். செட்டு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. "சூப்பர் வண்டிம்மா" என்றான். காசு கை மாறியது.

அன்றைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அவிசாவளை தாண்டி கித்துல்கல வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து கினிகத்தேனைக்கு ஏறத் தொடங்கியதும் வண்டி இழுக்கவில்லை. எக்ஸலேட்டரைத் திருகத் திருகச் சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. பின்னால் நீலப் புகை. மாமன் இறங்கி நடந்தார். பிறகு தாயும் இறங்கி நடந்தார். தன் காசில் வாங்கிய வண்டிக்குப் பின்னால் அந்த அம்மா நடந்து போனதைப் பற்றி மகன் எங்களிடம் சொன்னபோது அவனுக்குக் குரல் அடைத்துவிட்டது. அடுத்த கிழமை கராஜில் ஏற்றிப் பார்த்தபோது எஞ்சின் வேலை முழுசாகச் செய்ய வேண்டும் என்றார்கள். அதை விடப் பெரிய விஷயம், அடிப்பக்கம் சேசிஸ் ஒரு இடத்தில் வெட்டி ஒட்டுப்போட்டு, மேலே கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின.

விற்றவர் பொய் சொன்னாரா? "ஏத்தத்தில ஏறுமான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாராம் போனில். அந்தப் பதில் எங்களுக்கு ஆத்திரத்தைத் தந்தது. ஆனால் சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பேசுகிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு பொருளைப் பரிசோதித்து வாங்கியவர், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காக, பொருளின் தரம் சரியில்லை என்று பின்னால் வந்து வாதாடுவது கஷ்டம். அரைகுறையாகப் பார்த்தாலும் பார்த்ததுதான். அதனால் பார்க்கிறதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

கீழ்நாட்டு வண்டியும் மலைநாட்டு ரோட்டும்

எங்கள் பையன்கள் பலர் விளங்கிக்கொள்ளாத ஒரு விஷயம் இது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. எஞ்சினுக்குப் பெற்றோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் சாதாரண எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பஹாவில் நல்ல சுகத்தோடு இருக்கும் எஞ்சினே இங்கே வரும்போது ஐந்தில் ஒரு பங்கு பலத்தைக் கீழே விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஏற்கனவே தேய்ந்த எஞ்சின் என்றால் சொல்லவே வேண்டாம்.

இதில் விற்கிறவர் பக்க நியாயமும் ஒன்று உண்டு. காபரேட்டர் வண்டி மேலே வந்தால் பெற்றோல் கூடுதலாகவும் காற்றுக் குறைவாகவும் போய் கொஞ்சம் மந்தமாக ஓடும். அதை டியூன் பண்ணிச் சரிப்படுத்தலாம். அது ஏமாற்று இல்லை. மந்தம் வேறு, தேய்மானம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு பாஸ் வேண்டும். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

முடிந்தால் வண்டியை நம் பக்கத்து ஊர்களிலேயே தேடுங்கள். ஒரு வருஷம் இங்கே ஏத்தம் எறக்கத்தில் ஓடிய வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சந்தியில் நிற்கிற மற்ற டிரைவர்மாரே சொல்லிவிடுவார்கள். கீழ்நாட்டில்தான் வாங்குவது என்றால், அங்கேயும் ஒரு மேடு இல்லாமலா போகும்? அதைத் தேடிப் போய் ஓட்டுங்கள்.

வண்டி பார்க்கப் போகும் நாள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்யும்போது பார்க்க வேண்டாம். நனைந்த பாடியில் நெளிவும் பூச்சு வித்தியாசமும் தெரியாது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எமது அலுவலகத்துக்குப் பழைய வேன் ஒன்று வாங்கியபோது, ஒரு மழைநாளில், பின்னேரம் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த நாள் வெயிலில் பார்த்தால் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம்! பக்கக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓடினோம். பாடம் சொல்லித் தருகிறவர்களும் இப்படித்தான்.

"நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். போனவுடன் முதல் வேலை, எஞ்சின் பக்கம் மெதுவாகக் கைவைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் உடனே பிடிக்கும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். "ஆறட்டும், இருந்து பார்க்கிறோம்" என்று சொல்லி ஒரு பிளேன்டீ குடியுங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். பழைய 2 ஸ்ட்ரோக் வண்டி என்றால் பெற்றோலோடு ஒயில் கலந்து எரிவதால் கொஞ்சம் நீலப் புகை இயல்பு. 4 ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வரவே கூடாது. வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். குளிர் நேரத்தில் முதல் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

மைல்மீற்றரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓடினால் அது நின்றுவிடும். பின்னால் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிட பிரேக் பெடலின் ரப்பர், கைப்பிடி, டிரைவர் சீட்டின் விளிம்பு, இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமையில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷம் பழைய டயர் வெடித்துக் கிடக்கும்.

முதலில் அந்தச் செட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு சொன்னாலும் இது முக்கியம். ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் பாட்டு ஓடினால் எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தமும், பின்னால் எக்ஸல் கடகடவென்று அடிக்கிற சத்தமும் காதில் விழாது.

ஏத்தத்தில்

ஓட்டுகிறவருக்கு ஆட்டோவுக்குரிய லைசன் இருக்க வேண்டும், வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். விற்கிறவர் சாவியைத் தரத் தயங்கினால் கோபப்பட வேண்டாம், அவர் பயம் அவருக்கு. அவரையே பின்னால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது நல்லது. பின்னால் மூன்று பெரிய ஆட்கள் இருக்க வேண்டும். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து என்ன பயன்? நாளைக்கு நீங்கள் ஆட்களை ஏற்றித்தானே ஹயர் ஓடப் போகிறீர்கள். குறைந்தது அரை மணித்தியாலம் ஓட்ட வேண்டும். பெற்றோல் காசு நாங்கள் தருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல மேடாகப் பார்த்து நடு ஏத்தத்தில் நிறுத்துங்கள். கால் பிரேக்கை மட்டும் பிடித்து, கியரை எடுத்துவிட்டுப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறதா? பிறகு காலை எடுத்து ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். இந்த வேலைக்கு ஒருவர் கையில் கல்லோடு சக்கரத்துக்குப் பின்னால், ஓரமாக, நேர் பின்னால் இல்லாமல், நிற்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது முதல் கியர் போட்டு அந்த ஏத்தத்திலிருந்தே எடுங்கள். எஞ்சின் இரையும் அளவுக்கு வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அது செலவுதான், ஆனால் தாங்கக்கூடிய செலவு. எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று கனமான தட்டல், அதுவும் பாரம் இழுக்கும்போது மட்டும் வந்து, சமரோட்டில் மறைந்தால், அது பெரிய செலவு. ஏறும்போது, எக்ஸலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் பின்னால் நீலப் புகை தள்ளினால் பெரும்பாலும் ரிங்ஸ் தேய்ந்திருக்கிறது. பின்னால் இருக்கிறவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், டிரைவருக்குத் தெரியாது.

எறக்கத்தில்

ஏறுவதைப் பார்க்கிறவர்கள்கூட இறங்குவதைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு இதுதான் அதிசயம். மலைநாட்டில் ஏற முடியாத வண்டி ரோட்டோரத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான். நிற்க முடியாத வண்டி?

ரெண்டாம் கியரில் போட்டு, எக்ஸலேட்டரை முழுக்க விட்டுவிட்டு, எஞ்சின் பிடித்துக்கொள்ள இறக்குங்கள். அப்படி இறங்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்டருக்குப் போகிறதா என்று கவனியுங்கள். சில தேய்ந்த கியர் பெட்டிகளில் ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் கியர் கழலும். ஹெயார்பின் வளைவுக்கு மேலே கியர் கழன்றால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. (பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்டரில் எறக்குகிற பழக்கம் நம் பையன்கள் சிலருக்கு இருக்கிறது. தாய்மார் இதைக் கண்டிக்க வேண்டும்.)

நீண்ட எறக்கம் முடிந்து மறுபடி எக்ஸலேட்டர் கொடுக்கும் அந்த நொடியில் ஒரு குபீர் நீலப் புகை வந்தால், அது பெரும்பாலும் வால்வ் பக்கத்துக் குறை. ஏறும்போது வந்த புகை வேறு, இறங்கி முடிந்து வரும் புகை வேறு என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு பாஸிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால் எண்ணெய் ஒழுக்கோ, பிரேக் ஷூ தேய்மானமோ, சரிக்கட்டாத குறையோ இருக்கலாம். கீழே வந்து நிறுத்திவிட்டு, பெடலை ஒரே அழுத்தாக அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் பிரேக் எண்ணெய் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டி வருவதென்ற பேச்சே கூடாது.

நம்ம பாஸ், நம்ம காசு

ஓட்டிப் பார்த்தது திருப்தி என்றாலும் காசைக் கொடுக்க வேண்டாம். அட்வான்ஸ்கூட வேண்டாம். இனித்தான் பாஸ் பார்க்க வேண்டும்.

"பாஸ் பார்த்தாச்சு, எல்லாம் ஓகே" என்று விற்கிறவர் சொல்வார். எந்த பாஸ்? அவருடைய பாஸ். பக்கத்துக் கராஜ்காரருக்கு வண்டி விற்றால் ஏதாவது கிடைக்கும். தரகருக்குக் கட்டாயம் கிடைக்கும். வண்டி விற்காமல் போனாலும் ஒரு சதம் குறையாதவர் யாரோ, அவர் சொல்கிற வார்த்தைதான் நமக்கு வேண்டியது. ஆகவே உங்கள் டவுனில் நாலு பேர் நல்லவர் என்று சொல்கிற ஒரு பாஸைப் பிடியுங்கள். அவரோடு முன்கூட்டியே பேசுங்கள்: "அண்ணே, ஒரு நாள் வரணும். உங்க நாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு எங்க செலவு. வாங்கினாலும் வாங்காட்டியும் அதே காசு." இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். வாங்கினால் சந்தோஷம் தருகிறோம் என்று சொல்லிவிட்டால், அவரும் வாங்க வைக்கத்தான் பார்ப்பார்.

"சொந்தக்கார மாமாவுக்கு வண்டியெல்லாம் தெரியும்" என்று சொல்வார்கள். மாமாவைக் கூட்டிப் போங்கள், மரியாதை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவர் பாஸாக இருக்கட்டும்.

அவர் என்ன பார்ப்பார்? வண்டியை உயர்த்தி அடிப்பக்கம் முழுக்கப் பார்ப்பார். ஆட்டோவுக்குத் தளமும் சேசிஸும் உயிர்நாடி. நம் ஈரக் காற்றில் துரு பிடிப்பது சகஜம். மேல் துரு தேய்த்தால் போய்விடும். ஸ்க்ரூட்ரைவரால் குத்தினால் உள்ளே போகிற துரு போகாது. ஒட்டுப்போட்ட இடம் எங்கே, ஏன் என்று பார்ப்பார். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அங்கேதான் இன்னும் கவனமாகப் பார்ப்பார். பாடியில் பட்டி பூசி மறைத்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், தகரத்தில் ஒட்டும், தடித்த பட்டியில் ஒட்டாது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். காய்ந்த மண்ணிறம் நல்லது, கறுத்து எண்ணெய் பிடித்திருந்தால் நல்லதல்ல. கம்ப்ரஷன் மீற்றர் வைத்திருந்தால் எஞ்சினின் தேய்மானம் அங்கேயே தெரிந்துவிடும். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். எக்ஸலில் உள்ள ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். கிழிந்த உறைக்குள் மணல் போனால் அந்த எக்ஸலுக்கு ஆயுசு குறைவு.

கொழும்பிலும் சில பெரிய நகரங்களிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரும் நிலையங்கள் உண்டு. கார், வேன் வாங்குகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம். பழைய மாருதி, அல்டோ பார்க்கிற ஆசிரியர்மாரும் தோட்ட உத்தியோகத்தர்களும் எமது வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: காரில் இதோடு ரேடியேட்டரும் சேர்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள், ஏத்தம் ஏறும்போது சூட்டு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

சில பேர் புகைச் சான்றிதழை எடுத்து நீட்டி, "கவர்மண்டே பாஸ் பண்ணின வண்டி" என்பார்கள். அது வருடாந்த வாகன வரிப்பத்திரம் எடுப்பதற்கான புகைப் பரிசோதனை. சைலன்சரில் குழாயை விட்டுப் புகையைத்தான் அளக்கிறார்கள். பிரேக்கையோ, சேசிஸையோ, கியரையோ யாரும் பார்ப்பதில்லை.

பார்த்து முடிந்ததும் பாஸிடம் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். உடனே செய்ய வேண்டிய வேலை என்ன, அதற்கு எவ்வளவு? ஆறு மாதத்துக்குள் வரக்கூடிய வேலை என்ன? எவ்வளவு காசு போட்டாலும் சரிவராத குறை ஏதும் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "இருக்கு" என்று பதில் வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். வெட்டி ஒட்டிய சேசிஸ் அந்த வகைதான் என்பது எங்கள் கருத்து. முதல் இரண்டும் மட்டும் என்றால் அந்தத் தாள்தான் விலை பேசுவதற்குக் கையிலுள்ள ஆயுதம். "குறைச்சுக் கொடுங்க" என்று கெஞ்சுவதை விட, "கிளட்ச் மாத்தணும், பின் ரெண்டு டயரும் மாத்தணும், இவ்வளவு வருது" என்று தாளை வைத்துப் பேசுவது எவ்வளவு மேல்!

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தகப்பனும் மகளும் இப்படித்தான் செய்தார்கள். ஆமாம், மகள்தான். கணக்கு அவள் கையில். பாஸ் முதல் இரண்டு வண்டியையும் வேண்டாம் என்றார். தரகர் முகம் சுளித்தார். இரண்டு நாள் கூலி பாஸுக்குப் போனது. "வண்டியும் இல்லை, காசும் போச்சு" என்று லயத்தில் சிரித்தார்கள். மூன்றாவது வண்டி பார்வைக்கு மட்டம், சீட் கிழிந்து கிடந்தது, ஸ்டிக்கர் ஒன்றும் இல்லை. எஞ்சினும் அடிப்பக்கமும் நல்லது என்றார் பாஸ். தாளைக் காட்டி விலை குறைத்து வாங்கினார்கள். சீட்டை அம்மாவே தைத்தார்.

கடைசியாகக் கடதாசி

வண்டி எவ்வளவு நல்லதானாலும் கடதாசி சரியில்லை என்றால் அது உங்கள் வண்டி இல்லை. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், போட்டோ கொப்பி அல்ல, அசல். அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் பெயரும், லீசிங்கில் உள்ள வண்டியானால் முழு உரிமையாளராக அந்தக் கம்பனியின் பெயரும் இருக்கும். கம்பனி பெயர் இருந்தால், கடன் முடிந்து அவர்கள் உரிமையை நீக்கித் தந்த கடிதம் வேண்டும். "ரெண்டு தவணைதான் பாக்கி, நான் கட்டிர்றேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வாங்கினால், ஒரு நாள் ரோட்டில் வைத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உங்கள் காசு விற்றவரிடம், வண்டி கம்பனியிடம், நீங்கள் ரோட்டில்.

சான்றிதழிலுள்ள எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். விற்கிறவரின் அடையாள அட்டையையும் சான்றிதழிலுள்ள பெயரையும் ஒப்பிடுங்கள். பெயர் வேறென்றால், "ஓபன் பேப்பர் இருக்கு" என்பார்கள். அதாவது பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. பழைய சொந்தக்காரர் இறந்துபோனாலோ, வெளிநாடு போனாலோ, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினாலோ பிறகு அலைச்சல்தான். விபத்து நடந்தாலும் பொலிஸ் முதலில் தேடுவது புத்தகத்தில் உள்ள பெயரைத்தான்.

வருடாந்த வரிப்பத்திரம் பாக்கியா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதையும் பாருங்கள். பாக்கி இருந்தால் தண்டமும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

காசு கொடுக்கும்போது ரசீது எழுதுங்கள். வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், தொகை எழுத்திலும் இலக்கத்திலும், திகதி, நேரம், இரு பக்கத்துக் கையெழுத்து, இரண்டு சாட்சி. நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். அன்று காலை அந்த வண்டி யாரையாவது இடித்திருந்தால், பின்னேரம் வாங்கிய நீங்கள் அதற்குப் பொறுப்பில்லை என்று காட்டத்தான். விற்கிறவர் எழுதத் தயங்கினால் காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள். பெயர் மாற்றுவதற்கான படிவங்களில் அங்கேயே கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், சிங்களத்தில் இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள், சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். யார் பெயரில் பதிவு செய்வது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வந்தால் நல்லது. காசு அம்மாவுடையது என்றால், அம்மாவின் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள்.